நடுங்குவது உன் வண்டியா, நானா

நேற்று போனில் நீ கேட்டாய்: "பொங்கலுக்கு நாங்க வரும்போது ஏர்போர்ட்டுக்கு நீங்கதானேப்பா வண்டி எடுத்துட்டு வரீங்க?" நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை, தம்பி. நீயும் வித்யாவும் பாப்பாவை முதல் தடவையாக இந்த ஊருக்குக் கொண்டுவருகிறீர்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரை அவளை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன் என்று அவள் பிறந்த அன்றே வாய் நிறையச் சொன்னவன் நான். இப்போது அதைச் செய்யலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும், கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ டொராண்டோ கிளம்பும்போது இந்த எஸ்யூவியை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு நான் எவ்வளவு புலம்பினேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி, அபார்ட்மெண்டில் திருப்பவே இடமில்லை, பெட்ரோலை இப்படிக் குடிக்கிறதே என்றேன். அப்புறம் எனக்கே தெரியாமல் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. மண்ணச்சநல்லூரில் போய் நேராக மில்லிலேயே அரிசி வாங்குகிறேன் என்று மூட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு வருவதும், கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்களை ரயில்வே ஜங்ஷனில் போய் அழைத்துவருவதும் என் வேலையாகிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்ததே, அப்போதுதான் இந்த நடுக்கம் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு உதறல். மறுபடி ஒழுங்கு. மறுபடி உதறல். ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் வந்து இறங்கும். மாம்பழச்சாலை சிக்னலில் நிற்கும்போது இருக்கும். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுத்தமாக இருக்காது.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் டீசல் இன்ஜின்களோடே காலம் தள்ளியவன் நான். பக்கத்தில் போய் நின்றாலே எது சரியாக ஓடுகிறது, எது ஓடவில்லை என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு மிதப்பு உண்டு. உன் வண்டியில் அந்த மிதப்பெல்லாம் எடுபடவில்லை. பானெட்டைத் திறந்தால் மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினாலும் வயரும் குழாயும்தான், கீழே இன்ஜின் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சத்தமும் வெளியே வருவதில்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சி என் உள்ளங்கைதான்.

உன் அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் "எனக்கு ஒண்ணும் தெரியலைங்களே" என்றாள். திரும்பி வந்து நிறுத்தியதும், "நீங்க இறங்குங்க, நான் அங்க உட்கார்ந்து பார்க்கறேன்" என்றாள். உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றிவிட்டு வந்த சூடான இன்ஜின், அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இறங்கி வந்தவள் வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்க கையைக் காட்டுங்க" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "கையில என்ன இருக்கு, ஜோசியம் பார்க்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் பால் பாக்கெட் வாங்கப் போய்விட்டேன். வீட்டில் பால் இருந்தது.

அப்புறம் உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "க்ளட்ச்சை சட்டுன்னு விடுறீங்கப்பா, அதான் உதறுது. பேசாம ஒரு டிரைவர் வெச்சுக்கோங்க. இல்லன்னா வண்டியைக் கொடுத்துடலாம்." நான் அன்று போனை வைத்த வேகத்தில் சார்ஜர் கழன்று விழுந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் க்ளட்ச் எங்கே வந்தது என்று உன் அம்மாவிடம் அரை மணி நேரம் வாதாடினேன். ஆனால் இரண்டு நாள் கழித்து எனக்கே சிரிப்பு வந்தது. நீ ப்ளஸ் டூ படிக்கும்போது நம் மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தெருவில் வைத்து உன்னைத் திட்டினேனே. உனக்கு மிதிக்கத் தெரியவில்லை, உடம்பில் தெம்பில்லை, கிரிக்கெட் ஆட மட்டும் தெம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கக் கேட்கச் சொன்னேன். நீ வியர்த்து ஊற்ற மிதித்துக்கொண்டே இருந்தாய். முந்தின நாள் பெட்ரோல் குழாயை மூடிவைத்தது நான்தான். அது தெரிந்த பிறகும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நானே ஸ்டார்ட் செய்து காட்டினேன். நீ சொன்ன க்ளட்ச் கதையை நீ என்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். கோளாறு எங்கே என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பவன் தலையில் போடுவது நம் வீட்டு வழக்கம். உன் மகளிடமாவது அதைச் செய்யாதே.

சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனேன். வண்டி அங்கே போவதற்குள் நன்றாகச் சூடாகி, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். "எர்ரர் எதுவும் பதிவாகலை சார். வார்னிங் லைட்டும் எரியலை. வண்டி பர்ஃபெக்டா இருக்கு" என்றாள் அங்கிருந்த பெண். நான் விடாமல் கையில் தெரிகிறது என்றேன். "சில பேருக்கு அப்படித் தோணும் சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த 'சில பேர்' யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் வயதுக்காரர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். அதற்கப்புறம்தான் எனக்குள் குழப்பம் குடிவந்தது. ஒருநாள் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்குவது போலவும் இருந்தது, நடுங்காதது போலவும் இருந்தது. இறுக்கிப் பிடித்தால் இல்லை. விட்டுப் பிடித்தால் இருக்கிறதோ என்று சந்தேகம். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி "ஏதும் வேணுங்களா சார்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று இறங்கினேன். அன்று சாயங்காலம் உன் அம்மா தில்லை நகரில் ஒரு நரம்பு டாக்டரிடம் எனக்கு அப்பாயின்ட்மெண்ட் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். போகமாட்டேன் என்றேன். உதறுவது வண்டி, டாக்டர் எனக்கா என்று கேட்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் கே.கே. நகரில் ஷெட் வைத்திருக்கும் சேவியரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சொன்னதைக் கேட்டுவிட்டு, "காலையில மட்டும்தான் வருதுன்னா வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க. குளுந்து கெடக்கும்போது பார்த்தாத்தான் தெரியும்" என்றார். மறுநாள் உன் அம்மாவும் கூட வந்தாள். நாங்கள் போனபோது அவர் இன்னும் சாவியைத் தொடவே இல்லை. ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, செல்போனில் ஏதோ திரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் ஓடியது. உதறியது. அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான்கு சிலிண்டருக்கு நான்கு வரிசை. மூன்றாவது வரிசையில் மட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. "மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது சார். அப்பப்போ தீப்பொறி விழலை. வார்னிங் லைட்டை எரிய வைக்கிற அளவுக்கு இல்லை, அதான் அவங்களுக்குத் தெரியலை" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் சேவியருக்கும் அத்தனை சுலபமாகப் பிடிபடவில்லை. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்கு மேலும் ஒரு காயில், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுப்பது அதுதான். மூன்றாவது காயிலைப் பிடுங்கி முதல் சிலிண்டரில் போட்டார், முதலாவதை மூன்றாவதில் போட்டார். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் இதே முறைதான். சந்தேகப்படும் பொருளை இடம் மாற்றிப் பார்ப்போம். கோளாறு பொருளோடு கூடவே போனால் குற்றவாளி பொருள். பழைய இடத்திலேயே நின்றால் பொருள் நிரபராதி. மறுபடி ஸ்டார்ட் செய்தோம். எண் ஏறியது மூன்றாவதில்தான். "காயில் இல்லையே" என்று சேவியர் தலையைச் சொறிந்தார். வயரை இழுத்துப் பார்த்தார். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்குமோ என்றார், அப்புறம் அதுவும் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மூன்றாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். டார்ச்சை அடித்து அந்தக் குழிக்குள் பார்த்தவர் நிமிரவே இல்லை. பிறகு ஒரு நீளக் குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். மஞ்சளாக, ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார், சந்தனம் சார்" என்றார்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. குழிக்குள் தேங்கிய சந்தனம் ராத்திரி மழை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, குளிர்ந்த நேரத்தில் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியாக வெளியே ஓடிவிடுகிறது. வண்டி சூடேறினால் ஈரம் காய்ந்து ஒழுங்காகிவிடுகிறது என்று விளக்கினார். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்களா? வெளியில வெக்கலாம் சார், உள்ள எறங்கி வெச்சிருக்கீங்களே" என்றார். உன் அம்மா சிரித்தாள் பார், ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பல வாரமாக அவள் அப்படிச் சிரிக்கவில்லை. "இவர்தாங்க. மூடியெல்லாம் கழட்டி, நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா பொட்டு வெச்சார். அப்ப வண்டிக்குத்தான் கோளாறு, இவருக்கு ஒண்ணுமில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கேயே போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். கிளினிக்குக்குத்தான் பேசினாள். திரும்பி வந்து, "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டேன், போதுமா?" என்றாள். நானும் சிரித்தேன். வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நான் வைத்தது நான்கு பொட்டுதான். பொட்டு வைத்தால் பிளக் குழிக்குள் சந்தனம் இறங்காது. ஆயுத பூஜை அன்று உன் அம்மா கரைத்துக் கொடுத்த சந்தனக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு பொட்டு வைத்தேன். மூன்றாவதற்குப் போகும்போது, இடது கையை ஊன்றிக்கொள்ளக் கிண்ணத்தை வலது கைக்கு மாற்றினேன், கிண்ணம் ஆடியது. பிடிப்பதற்குள் பாதிச் சந்தனம் காயில் மேல் கொட்டிவிட்டது. அவள் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் கழுவிவிடலாம் என்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அதன் மேலேயே ஊற்றினேன். டீசல் இன்ஜினில் பிளக்கும் கிடையாது, காயிலும் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் பூஜையன்று இன்ஜினையே குளிப்பாட்டுவோம், ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் ஊற்றிவிட்டேன். துடைத்து, மூடியை மாட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வடை தின்றேன். கிண்ணம் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை மறந்தும் போனேன். சேவியர் அந்தத் துணியை மோந்து பார்த்த நொடியில்தான் எல்லாம் திரும்பி வந்தது. வண்டி நடுங்கத் தொடங்கியது தீபாவளிக்குப் பிறகு. என் கை அதற்கு முன்னாலேயே நடுங்கியிருக்கிறது. நடுங்குவது அதுவா நானா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதன் நடுக்கமே என்னால் வந்தது என்றால், இந்தக் கேள்வியை இனி எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குழியைச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு, காயிலின் ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தேன். துளி உதறல் இல்லை. ஸ்டியரிங்கில் இடது கையை மட்டும் வைத்தேன், அமைதி. வலது கையை வைத்தேன். இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அதே கிண்ணத்தை எடுத்து, நன்றாகத் துடைத்து, தண்ணீர் நிரப்பி இடது கையில் பிடித்தேன். பிறகு வலது கைக்கு மாற்றினேன். இடம் மாற்றிப் பார்ப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. தண்ணீர் வலது கையில்தான் ஆடியது. மறுபடி மாற்றினேன், மறுபடியும் அப்படியே. நான் பயந்துபோனேன், தம்பி. சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டு கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். என் பெயரைச் சொல்லி, ரத்து செய்த அப்பாயின்ட்மெண்ட்டைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். போனை எடுத்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, "கேன்சல் ஆகலையே சார். மேடம் தேதியைத்தான் மாத்தினாங்க. பொங்கல் முடிஞ்சு வெச்சிருக்கோம். பையன் ஊர்லேர்ந்து வந்துடுவார், அவர் கூட வந்தா சார் வருவார்னு சொன்னாங்க" என்றாள்.

போனை வைத்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சில மாதமாகக் காபி டம்ளரில் முக்கால்தான் ஊற்றுகிறாள். கேட்டதற்குப் பால் விலை ஏறிவிட்டது என்றாள். என் சட்டைகளைப் பட்டன் போட்டே மடித்து வைக்கிறாள், தலைவழியாக மாட்டிக்கொள்ளும்படி. ஷெட்டில் அவள் அப்படிச் சிரித்தது எனக்காகவா, அவளுக்காகவா என்று எனக்குப் புரியவில்லை. அழத்தான் இருந்தாளோ என்னவோ. அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒன்றும் இல்லை என்று காட்டிக்கொண்டு காபி குடிக்கிறோம். இது சரியா என்று தெரியவில்லை. நீயும் வித்யாவும் இப்படி இருக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்ததை என்னவென்று சொல்வது என்றும் தோன்றுகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன், உனக்கு எது உதவுமோ எடுத்துக்கொள்.

டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. பெரிதாக ஒன்றுமில்லை, வயதாகிவிட்டால் சிலருக்கு இப்படி இருக்கும் என்று சொல்லலாம். வேறு ஏதாவதும் சொல்லலாம். நீ இதைப் படித்தவுடனே போன் செய்து அம்மாவிடம் கேட்காதே. அவளிடம் நானே சொல்கிறேன், நாளைக்கோ மறுநாளோ. டாக்டரிடம் போகும்போது நீ கூட வா, வரமாட்டேன் என்று அடம் பிடிக்க மாட்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில். வண்டி ஏர்போர்ட்டுக்கு வரும், சேவியர் ஓட்டிக்கொண்டு வருவார். நானும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து வருவோம். அங்கே சாவியை வாங்கிக்கொண்டு நீ ஓட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை. வழியில் அதைப் பற்றிப் பேச வேண்டாம், பாப்பாவுக்குக் காவிரியைக் காட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் அவளை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நீ ஒரு கணம் யோசிப்பாய். யோசிக்கத்தான் வேண்டும், தப்பில்லை. முதலில் நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், அப்புறம் மடியில் கொடு.